அறக்கோட்பாடுகளும் ஊவாத் தோட்டங்களும் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஒழுக்கவியலைப் பாடமாகக் கற்கும் மாணவர், அத்துறை நூல்களிலே எடுத்தாளப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் கற்பனையானவை என்பதை விரைவிலேயே கண்டுகொள்வர். கட்டுப்பாடிழந்து ஓடும் வண்டியொன்று தண்டவாளத்தில் நிற்கும் ஐவரைக் கொல்லப்போகிறது. அதனைத் திருப்பினால் மறுபாதையில் நிற்கும் ஒருவர் மட்டுமே இறப்பார். திருப்பலாமா, கூடாதா? பிலிப்பா பூற் என்னும் மெய்யியலாளர் 1967 இல் எழுப்பிய இவ்வினா இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் விவாதிக்கப்படுகின்றது. இத்தகைய உதாரணங்கள் சிந்தனையைக் கூர்மைப்படுத்துவன என்பதில் ஐயமில்லை. எனினும் அவை சிலவற்றை மறைத்தும் விடுகின்றன. தண்டவாளத்தை அமைத்தவர் யார்? ஐவரும் அங்கு வந்து நிற்கவேண்டி நேர்ந்தது எவ்வாறு? திருப்பும் பிடி ஒருவரின் கையிலிருக்க, நிற்போர் கையில் ஒன்றுமே இல்லாதிருப்பது ஏன்? இவ்வினாக்கள் அங்கு எழுவதில்லை.

ஆதலின் அறக்கோட்பாடுகளை மெய்யான வரலாற்றிலே உரைத்துப் பார்ப்பது பயனுடைய முயற்சியாகும். அதற்கு ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களைக் காட்டிலும் கடினமான உரைகல் நம் நாட்டில் அரிது. பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் மக்களின் வரலாறு, கடன், உடன்படிக்கை, பிரசாவுரிமை, கூலி, வீடு என்னும் ஒவ்வொரு விடயத்திலும் அறம் பற்றிய கேள்வியையே எழுப்பி நிற்கின்றது. பயன்பாட்டுவாதம், கடமைவாதம், ஒப்பந்தவாதம், நற்பண்புக் கோட்பாடு ஆகிய நான்கையும் இவ்வுரைகல்லில் உரைத்து, அவற்றின் வலிமையையும் குறைபாட்டையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயன்பாட்டுவாதம்

செயலொன்றின் நன்மை தீமையை அதன் விளைவைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது இக்கோட்பாட்டின் அடிப்படை. ஜெரமி பெந்தம் 1789 இலும், ஜோன் ஸ்ருவாட் மில் 1861 இலும் இதனை விரித்துரைத்தனர். இதன் தலையாய சிறப்பு அதன் சமத்துவமாகும். அரசனின் இன்பமும் கூலியாளின் இன்பமும் கணக்கிலே ஒரே நிறையுடையன. பிறப்பும் சாதியும் மதமும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பிறப்பினாலே ஒருவரின் துன்பத்தைச் சிறிதாக மதிக்கும் பழக்கம் நிலவும் எந்தச் சமூகத்திலும் இது புரட்சிகரமான கருத்தேயாம்.

இனி, குறைபாட்டை நோக்குவோம். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்திலே, இந்திய வம்சாவளியினரான நாடற்றோர் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டனர். அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என ஒதுக்கி வைக்கப்பட்டது. 1974 இல் அவ்வெச்சமும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களிலே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளும், உடன்பிறந்தாரைப் பிரிந்தோரும் இருந்தனர். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே மீண்டும் தேயிலைக் கொழுந்தையே பறிக்கும் வாழ்வு அவர்களிற் பலருக்கு வாய்த்தது.

இவ்வொப்பந்தத்தைப் பயன்பாட்டுவாதத்தின் விளைவென்று கூறுதல் நேர்மையாகாது. பெந்தத்தின் கணக்கு உண்மையாகப் போடப்பட்டிருப்பின், பிரிவுண்ட குடும்பங்களின் துயரமும் அதிலே சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். அங்கு எண்ணப்பட்டவை தலைகளே; இன்பதுன்பங்கள் அல்ல. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இரு நாடுகளுக்கிடையே நல்லுறவு மலர்ந்து, அதனாற் பல கோடி மக்களுக்கு நன்மை விளைந்து, கூட்டுத்தொகை இலாபத்திலே முடிந்திருந்தால், பயன்பாட்டுவாதி அதனை எந்த அடிப்படையில் எதிர்ப்பார்? மொத்தம் சரியாயின் பங்கீட்டைப் பற்றிப் பேச இக்கோட்பாட்டிடம் தனிச்சொல் இல்லை. மில் இதனை உணராதவர் அல்லர். நீதியின் விதிகள் நீண்டகாலப் பயனை நல்குவதாலேயே உயர்ந்தன என்று விளக்கமளித்தார். ஆனால் அதே மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலகத்திலே பணியாற்றியவர். முதிர்ச்சியடையாத சமூகங்களுக்கு நன்னோக்குடைய சர்வாதிகாரம் ஏற்றதெனக் கருதியவர். பிறருக்கு எது நன்மை எனக் கணக்கிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற வினா அவருடைய கோட்பாட்டில் ஆழமாக எழவில்லை என்பதற்கு இதுவே சான்று.

கடமைவாதம்

இம்மனுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட நூலிலே, ஒழுக்கத்தின் மதிப்பு விளைவிலன்று, கடமையுணர்விலேயே தங்கியுள்ளது என வாதித்தார். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளாது, எப்பொழுதும் அவனையே ஒரு நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனையற்ற கட்டளையின் ஒரு வடிவமாகும்.

தோட்டப்புற வழக்கிலுள்ள ஒரு சொல்லைக் கொண்டே இக்கோட்பாட்டின் வலிமையை விளக்கலாம். அங்கு ஒருநாட் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்றோலிலே பதியப்படும் பெயரே நாளடைவிற் கூலியின் அலகாக மாறிற்றுப் போலும். மனிதரின் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்பதை வியப்பின்றி ஏற்றுக்கொண்ட ஓர் ஒழுங்கினைக் கான்றின் கட்டளையைப்போல வேறெந்தக் கோட்பாடும் நேர்நின்று கண்டிக்க இயலாது. தோட்டத்துறையில் ஆண், பெண் கூலி சமமாக்கப்பட்டது 1984 இலேயே. அதுவரை பெண்ணின் முழுப்பேரும் ஆணின் முழுப்பேருக்குக் குறைந்ததாகவே இருந்தது. இதனைக் கண்டிக்க இலாபநட்டக் கணக்குத் தேவையில்லை. மனிதரின் மதிப்பு விலையன்று என்ற ஒரு கூற்றே போதுமானது.

எனினும் கடமைவாதம் தடுமாறும் இடமும் தோட்ட வரலாற்றிலேயே உண்டு. அதுவே துண்டு முறை. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கங்காணி ஆள்களைத் திரட்டி வரும்பொழுது, வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் தலையிற் கடனாக ஏறின. அக்கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. கடன்தொகை செலுத்தப்படின் ஆள்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டாகும். வேறொரு தோட்டம் பணத்தைக் கட்டினால் தொழிலாளியோடு கடனும் இடம்பெயரும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமோ முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

கடனைத் தீர்ப்பதாக வாக்களித்த தொழிலாளி ஒருவர் இரவோடிரவாகக் காட்டுவழியே ஓடிப்போனார் எனக் கொள்வோம். அவர் அறம் பிழைத்தவரா? வாக்குறுதியைக் காத்தல் கான்றின் நோக்கிலே விலக்கற்ற கடமை. கான்றியவாதிகள் இதற்கு விடை கூறாமலில்லை. ஆள்களைக் கருவியாக்கிய கங்காணி முறையே முதற்குற்றம். பலவந்தத்தினாற் பெறப்பட்ட வாக்கு வாக்கே அன்று என்பர். ஆனால் அத்தொழிலாளியை எவரும் கத்தியைக் காட்டி மிரட்டவில்லை. அவரை மிரட்டியது பஞ்சம். பஞ்சம் ஓர் ஆளன்று. அதற்கு நோக்கமோ பொறுப்போ கிடையாது. சுதந்திரமான விருப்பு என்பதைத் தனிமனிதரின் உள்ளத்துக்குள்ளேயே தேடும் கான்றின் கோட்பாடு, பசியினாற் பணிந்த விருப்பைச் சுதந்திரமானதென்று கொள்வதா, அல்லவென்று கொள்வதா என்பதைத் தெளிவாகக் கூறவில்லை.

இவ்விடத்திலே வள்ளுவரோடு கான்றை ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். கொலைகாரன் கேட்பினும் பொய்யுரைத்தல் கூடாதென 1797 இல் எழுதியவர் கான்ற். வள்ளுவரோ வாய்மை அதிகாரத்திலே, பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மையெனக் கொண்டு, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். விதியையும் விளைவையும் எதிரெதிர்த் துருவங்களாக்காத இந்நோக்கு, ஓடிப்போன தொழிலாளியைக் கான்றைக் காட்டிலும் பரிவோடு புரிந்துகொள்ளும். ஆயினும் குற்றமற்ற நன்மை எது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா அங்கும் தொடர்கின்றது.

ஒப்பந்தவாதம்

ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு, பயன்பாட்டுவாதத்தின் பங்கீட்டுக் குறையை நேரடியாகவே திருத்த முற்பட்டது. தாம் எக்குலத்தில், எவ்வினத்தில், எவ்வகுப்பிற் பிறப்போம் என்பதை அறியாத நிலையிலிருந்து, அதாவது ஓர் அறியாமைத் திரையின் பின்னிருந்து, மக்கள் சமூக விதிகளைத் தெரிவுசெய்வராயின் அவ்விதிகளே நீதியானவை என்பது அவரின் வாதம். பசறையில் லயன் காம்பராவிற் பிறக்கக்கூடும் என்ற வாய்ப்பு தமக்கும் உண்டென எண்ணும் எவரும் எத்தகைய சட்டத்தை இயற்றமாட்டார் என்று கேட்டால், இக்கோட்பாட்டின் ஆற்றல் புலனாகும்.

உதாரணமாக, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவை நோக்கலாம். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடுவதற்கு அப்பிரிவு தடையாய் நின்றது. சபைத் தேர்தலிலே தோட்ட மக்கள் வாக்களித்தனர். ஆனால் அச்சபை அவர்தம் பாதையைச் செப்பனிடச் சட்டம் இடந்தரவில்லை. 2018 இலேயே இது திருத்தப்பட்டது. அறியாமைத் திரையின் பின்னிருந்து இப்பிரிவை ஆதரிக்கும் ஒருவரைக் கற்பனை செய்தலும் அரிது.

ஆனால் இக்கோட்பாட்டின் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் உண்டு. பிறப்பால் நுழைந்து இறப்பால் நீங்கும் மக்களைக் கொண்ட, எல்லையிட்ட ஒரு சமூகத்தையே றோல்ஸ் தமது கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அச்சமூகத்தின் உறுப்பினர் யார் என்பது முன்னரே முடிந்த விடயம் என்பது அவரின் எடுகோள். நமது வரலாற்றிலோ முதற்கேள்வியே அதுதான். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஒப்பந்த மேசையில் அமர்ந்திருந்தோரே, மேசையில் அமர்வதற்கு உரியோர் யார் என்பதையும் தீர்மானித்தனர். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் வரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. உறுப்பினருக்கிடையே நீதியை வகுக்க வல்ல கோட்பாடு, உறுப்புரிமையின் நீதியைப் பற்றி மௌனமாயின், அது வீட்டுக்குக் கூரையிட்டு அத்திவாரத்தை மறந்த கதையாகும்.

நற்பண்புக் கோட்பாடு

எதைச் செய்யவேண்டும் என்று கேளாது, எத்தகைய மனிதராக வாழவேண்டும் என்று கேட்பது இக்கோட்பாடு. அரிஸ்ரோட்டில் காலத்துப் பழமையுடைய இதற்கு 1958 இல் எலிசபெத் அன்ஸ்கம் எழுதிய கட்டுரையும், 1981 இல் அலஸ்டேயர் மக்கின்ரயர் எழுதிய நூலும் புத்துயிர் அளித்தன. தமிழர்க்கு இது புதிதன்று. திருக்குறளின் அறத்துப்பால் பெரிதும் பண்புகளைப் பற்றியதே. அடக்கம், பொறை, ஈகை, செய்ந்நன்றி என அதிகாரங்கள் விரிகின்றன. சட்டமும் கணக்கும் எட்டாத இடங்களிலே மனிதரைத் தாங்குவது பண்பே என்பதை மறுத்தல் இயலாது. நாள் முழுதும் மலையில் நின்று கொழுந்து பறித்து, மாலையிலே அடுப்பு மூட்டி, அயற்காம்பராவின் பிள்ளைக்கும் சோறிடும் பெண்ணின் அறம் எந்தக் கணக்கிலிருந்தும் பிறந்ததன்று. கரோல் கில்லிகன் 1982 இல், ஒழுக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் பெண்களின் பரிவுக் குரலைக் கேளாது விட்டன எனக் குறைகூறியது இத்தகைய வாழ்வை எண்ணுங்கால் நன்கு விளங்கும்.

எனினும் பண்பைப் போதிக்கும்பொழுது, யார் யாருக்குப் போதிக்கின்றனர் என்பதையும் நோக்கவேண்டும். பொறுமையும் விசுவாசமும் நன்றியுணர்வும் தோட்டங்களிலே பெரும்பாலும் கீழிருப்போர்க்கே விதிக்கப்பட்டன. துரைக்கு நன்றி, கங்காணிக்கு அடக்கம் என்று படிமுறை வகுக்கப்பட்டதே தவிர, மேலிருப்போரின் பண்பு பரீட்சிக்கப்படவில்லை. இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறந்தோர் உளர் என அரிஸ்ரோட்டில் எழுதியதையும் நாம் மறத்தலாகாது. பண்பைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்க்கும் தமது வீட்டுப் பணியாளரின் நிலை இயல்பாகவே தோன்றிற்று. வள்ளுவத்தில் இதற்கு ஒரு மாற்று உண்டு. பொருட்பால் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, ஆள்வோரின் பண்பையும் அளக்கின்றது. ஆனால் நம் மேடைகளிலே அறத்துப்பாலின் பொறையுடைமை பேசப்படும் அளவுக்குப் பொருட்பாலின் கொடுங்கோன்மை பேசப்படுவதில்லை.

மீரியபெத்த

நான்கு கோட்பாடுகளையும் ஒருங்கே நிறுத்திச் சோதிக்கவேண்டிய நாள் 2014 ஒக்டோபர் 29 ஆகும். அன்று காலை பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லப் பிரிவிலே, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. மண்ணுக்குள் புதைந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது.

பயன்பாட்டுவாதம் இங்கே தன் வலிமையைக் காட்டுகின்றது. மக்களை இடம்பெயர்ப்பதற்கான செலவையும் இழக்கப்படக்கூடிய உயிர்களையும் நேர்மையாக எடைபோட்டிருந்தால், விடை எப்பொழுதோ கிடைத்திருக்கும். அங்கு தவறியது கணக்கன்று, கணக்கைப் போடாமை. கடமைவாதமும் உயிர்காத்தல் கடமையென உறுதியாகவே கூறும். ஆனால் எவருடைய கடமை? நிலம் அரசுடையது, 1992 முதல் தோட்ட முகாமை கம்பனிகளின் கையில், பிரதேச சபைக்கோ 33 ஆம் பிரிவின் தடை. பலருக்குப் பங்கிடப்பட்ட கடமை ஒருவருக்கும் உரியதல்லாது போயிற்று. பொதுவிதியை வகுப்பதில் வல்ல கடமைவாதம், அதனை நிறைவேற்றும் பொறுப்பைப் பங்கிடுவதிலே நமக்கு உதவவில்லை. நற்பண்பின் ஒளியையும் அன்று கண்டோம். இனமத பேதமின்றி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உதவிகள் வந்து குவிந்தன. ஆனால் சரிந்த பின் வந்த ஈகை, சரியுமுன் கட்டியிருக்க வேண்டிய வீட்டுக்கு ஈடாகாது. தப்பியோருக்கு மக்கல்தெனியவிலே புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இலேயே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபொழுது பதுளை மாவட்டத்தின் சரிவுகள் மீண்டும் உயிர்களைப் பலிகொண்டன.

மீரியபெத்த மக்கள் எச்சரிக்கப்பட்டனர். அவர்களே வெளியேறவில்லை என்ற விளக்கமும் அந்நாளிற் கூறப்பட்டது. இவ்விளக்கத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாத, வேலையும் வீடும் ஒரே முகாமையில் தங்கியிருக்கின்ற குடும்பத்திடம் ‘போய்விடு’ என்று கூறுதல் எச்சரிக்கையாகுமேயன்றித் தெரிவாகாது. எங்கே போவது என்பதற்கு விடையில்லாத இடத்திலே, போகாமையைச் சம்மதமென்று கொள்ளலாகாது.

முடிவுரை

துண்டிலே கைநாட்டு இட்டவர், 1964 ஒப்பந்தத்தின் பின் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது எனக் கலங்கியவர், மீரியபெத்த லயத்திலேயே தங்கிவிட்டவர் ஆகிய மூவரையும் ஒருங்கே நிறுத்திப் பார்க்குமிடத்து, நான்கு கோட்பாடுகளுக்கும் பொதுவான குறையொன்று தென்படுகின்றது. மூவரும் தெரிவு செய்தவர்களாகவே ஏட்டிற் பதியப்பட்டனர். மூவருக்கும் மெய்யான மாற்றுவழி இருக்கவில்லை. பயன்பாட்டுவாதம் இவர்களின் இன்பதுன்பத்தை எண்ணும். கடமைவாதம் இவர்களின் மதிப்பைப் போற்றும். ஒப்பந்தவாதம் இவர்களுக்கு நீதியான பங்கைக் கேட்கும். நற்பண்புக் கோட்பாடு இவர்கள்பால் இரக்கங்கொள்ளும். ஆனால் கணக்கிடுபவரும் விதி வகுப்பவரும் மேசையில் அமர்பவரும் ஈபவரும் வேறொருவராகவே இருக்கின்றனர்.

இதனால் இக்கோட்பாடுகளைத் தள்ளிவிடுதல் வேண்டுமென்பது பொருளன்று. ஒவ்வொன்றும் மற்றதன் குருட்டிடத்தைக் காட்டும் விளக்காகப் பயன்படுகின்றது. எல்லாவற்றிலும் சிறிது நன்மை உண்டு எனக் கூறி அமைதியடைவதும் போதாது. அவற்றைப் பிரயோகிக்குமுன் எழுப்பவேண்டிய முதல் வினாவொன்று உண்டு: பாதிக்கப்படுவோர் ‘இல்லை’ என்று கூறியும் வாழக்கூடிய நிலையில் இருக்கின்றனரா? பாதிக்கப்படுவோரின் கருத்து எப்பொழுதும் சரியாகவே இருக்கும் என்று இவ்வினா எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களும் பிழைவிடலாம். ஆயின் மறுக்க இயலாதவரின் சம்மதத்தை அறத்துக்கு ஆதாரமாகக் காட்டுதல் எக்கோட்பாட்டின்படியும் ஏற்கத்தக்கதன்று.

காணியுரிமையும் தனிவீடும் வேறு தொழிலுக்குச் செல்லத்தக்க கல்வியும் பொருளாதாரக் கோரிக்கைகள் என்றே பொதுவாகப் பேசப்படுகின்றன. மேற்கூறிய நோக்கில் அவை ஒழுக்கவியலின் கோரிக்கைகளுமாம். ஏனெனில் அவை இருக்கும் இடத்திலேயே ஒருவரின் ‘ஆம்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. மெய்யியல் வகுப்பறையிலே ஓடும் வண்டியைப் பற்றி விவாதிக்கும் நாம், தண்டவாளத்தில் நிற்போர் விலகிச் செல்ல இடமுண்டா என்பதையும் கேட்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். நமது மலைச்சரிவுகளிலே அக்கேள்விக்கான விடை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.